கிழிந்த தொப்பிக்கு மாற்றுக் கட்சி

ஜன்னல் கர்ட்டனை நான் விலக்கினால்தான் மேலே வர வேண்டும் என்று தம்பியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கர்ட்டன் மூடியிருக்கும் வரை எதிரே டீக்கடையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி வரை விலகவில்லை என்றால் பையை எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறிவிட வேண்டியது. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. ஜெயிலில் கூட இருந்தவன் எவனோ சொல்லி வைத்தது. போனால் அவ்வளவுதான், திரும்பி வரமாட்டான். அவனுடைய பிடிவாதம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது அன்றைக்கு என் தையற்கடை மாடியில், முதல் வரிசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. என் அம்மா.

கடை கீழே, துணி வெட்டுகிற அறை மேலே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெட்டுமேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளை லைனிங் துணியைச் சுவரில் ஆணியடித்துக் கட்டுவேன். பல் டாக்டர் தன் சின்ன புரொஜெக்டரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வருவார். இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்களுக்கு நாங்கள் ரசிகர்கள். யாரும் சிரிக்க வேண்டாம். ஊரில் சீட்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள், புறா வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்களுக்கு இது.

மொத்தம் ஐந்தே பேர். வாய் ஓயாத பல் டாக்டர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற டிரைவர் அண்ணன், அவருக்குப் படத்தில் மனுஷர்களை விடக் குதிரைகள்தான் முக்கியம். நான். என் அம்மா, பாங்கில் கேஷியராக இருந்து வேலையை விட்டவள். அப்புறம் அதே பாங்கில் வாட்ச்மேனாக இருந்தவர். அம்மா அவரை அண்ணே என்பாள், எனக்கு மாமா.

மாமாவுக்கு இடது கை வராது. பேச்சும் நிதானமாகத்தான் வரும், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் காத்திருக்க வேண்டும். அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் புழுக்கம் தாங்காமல் வலது கைப் பட்டனைப் பல்லால் கழற்றி, சட்டைக் கையை முழங்கையால் சுவரில் தேய்த்து மேலே ஏற்றிக்கொள்வார். கழற்ற முடியும், திரும்பப் போட முடியாது. கூட்டம் முடிந்ததும் அம்மா எழுந்து போய் அந்தப் பட்டனைப் போட்டுவிடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். தையற்காரி நான் ஒருத்தி இருக்கும்போது இது என்ன கூத்து என்று, "பட்டனை எடுத்துட்டு ஹூக் வெச்சுத் தரேன் மாமா, ஒத்தைக் கையிலயே போட்டுக்கலாம்" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் அம்மா இருக்கிற பக்கம் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்.

அந்த இடது கை எப்படிப் போனது என்பது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் யாரும் வாய் திறந்தது கிடையாது.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பையிலிருந்து பாங்கு சாவியை எடுத்துத் தன் சகவாச தோஷங்களிடம் கொடுத்தவன் என் தம்பி. அவன் வெளியே வண்டியில்தான் உட்கார்ந்திருந்தான், யாரையும் தொடவில்லை. உள்ளே போனவர்களில் ஒருவன் வாட்ச்மேன் தலையில் இரும்புக் கம்பியால் போட்டான். கோர்ட்டில் அம்மா கூண்டில் ஏறி நின்று, குரல் நடுங்காமல், "சாவியை எடுத்தது என் பையன்தான்" என்றாள். அதோடு வேலையை விட்டாள். ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வாட்ச்மேனுக்கு மறுபடி பேச்சு வந்த பிறகு அவரை இந்த அறைக்குக் கூட்டி வந்தாள். அன்றிலிருந்து வீட்டுச் சாவி அவள் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்குகிறது. குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள். பெற்ற மகள் என்னிடமே கொடுக்க மாட்டாள். கடையிலிருந்து நான் எப்போது வீடு திரும்பினாலும் கதவைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும்.

தம்பி விடுதலையாகி வந்த அன்றைக்கு நேரே வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று, "அம்மா" என்றான். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாசல் விளக்கை அணைத்தாள். ஒரு வார்த்தை இல்லை, வசவு இல்லை, ஒன்றும் இல்லை. அவன் கொஞ்ச நேரம் இருட்டில் நின்றுவிட்டு பஸ் நிலையத்துப் பக்கம் லாட்ஜுக்குப் போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த ஆத்திரத்துக்கு நடுவில்தான் அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது.

'உப்பளத்துக்கு ஒரு குதிரைக்காரன்' என்று பெயர். கௌபாய் படம் நிறையப் பார்த்தவர்களுக்கே தெரியாத படம். டாக்டர் எங்கேயோ தேடிப் பிடித்தது. அதில் ஒரு கொள்ளைக்காரன், படம் முழுக்க அவனுக்குப் பெயரே கிடையாது. நாங்கள் கிழிந்த தொப்பி என்று கூப்பிடுவோம். சொந்த ஊரின் உப்புக் கம்பெனியுடைய குதிரைக் கோச்சு வண்டியை அவனே கொள்ளையடிக்கிறான். வண்டியோட்டி சக்கரத்தில் விழுந்து கால் போகிறது. வருஷங்கள் கழித்து, நாலு பக்கமும் ஆட்கள் துரத்த, கிழிந்த தொப்பி அம்மாவைத் தேடி ஊருக்கு வருகிறான். உள்ளே கிழவி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே அவன் கதவை மூன்று தடவை தட்டுகிறான். கிழவி விளக்கை ஊதி அணைக்கிறாள். துணி முழுக்கக் கறுப்பு. படம் அவ்வளவுதான்.

சுட்டாளா, திறந்தாளா? முதல் தடவை பார்த்தபோது இதற்காக டாக்டரும் டிரைவரும் மல்லுக்கட்டினார்கள். தம்பி அப்போது ஜெயிலில் இருந்தான். மாமா, "திறப்பா" என்றார். "கோச்சுக்காரனே வந்து... திறக்கச் சொல்வான்" என்றும் சொன்னார். அம்மா, "குறி பாக்கத்தான் விளக்கை அணைக்கிறா. சுடுவா. சுடணும்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. டாக்டர்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரு படத்தை இரண்டாம் தடவை போட்டால் அவரவர் முன்பு சொன்ன அபிப்பிராயத்துக்கு நேர் எதிராகப் பேச வேண்டும். மனசாரப் பேச வேண்டும், ஒப்புக்குப் பேசினால் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. இதற்கு மாற்றுக் கட்சி என்று பெயர். முன்பொரு படத்துக்காக டாக்டரும் டிரைவரும் கைகலப்பு வரைக்கும் போனபோது, அம்மா கொண்டுவந்த விதி இது. அவள் போட்ட விதியை அவள் மீற மாட்டாள். அது எனக்குத் தெரியும்.

இந்த வாரம் படத்தைத் தேர்ந்தெடுப்பது என் முறை. படத்தின் பெயரைச் சொன்னேன். அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"மாத்துக் கட்சிதானே? சரி, போடு" என்றாள்.

வாயால் ஒரு தடவை 'திறக்கணும்' என்று சொல்லிவிட்டால் மனசும் பின்னாலேயே வந்துவிடாதா என்பதுதான் என் கணக்கு. அவள் பேசி முடித்து, மனசு இளகியிருக்கிற நேரம் பார்த்துத் தனியாக உட்கார வைத்துச் சொல்லி, அவள் தலையாட்டினால் கர்ட்டனை விலக்க வேண்டியது. எவ்வளவு அழகான திட்டம்! என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

படம் ஓடியது. நான் ஒரு காட்சியும் பார்க்கவில்லை. அம்மாவின் பின்கழுத்தையும் அந்தக் கறுப்புக் கயிற்றையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோச்சு வண்டி வருகிற இடத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் மூன்று தட்டு. கிழவி கன்னத்தை உப்பி ஊதினாள். துணி கறுத்தது.

"அப்பாடா, என்ன புழுக்கம்!" என்று டிரைவர் அண்ணன் எழுந்து போய் கர்ட்டனைச் சரக்கென்று விலக்கினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஒவ்வொரு வாரமும் அவர்தான் விலக்குவார். படம் முடிந்த அடுத்த நிமிஷம் அவர் செய்கிற முதல் வேலை அது. வாராவாரம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் அது என் கண்ணிலேயே படாமல் போயிருக்கிறது. உலகத்தில் வேறு அடையாளமே கிடைக்காத மாதிரி அதையே தேர்ந்தெடுத்துத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், மண்டு!

நான் இருந்த இடத்திலிருந்து டீக்கடை தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். எழுந்தான். பையைத் தோளில் மாட்டினான்.

"கர்ட்டனை மூடுறேன், கண்ணு கூசுது" என்று பாதி எழுந்தேன்.

"உக்காரு" என்றாள் அம்மா திரும்பாமலே. "டாக்டர் ஆரம்பிச்சுட்டாரு. நடுவுல எழுந்திருக்கக் கூடாது."

விதியை மீறிப் போயிருப்பேன். ஆனால் நான் ஜன்னலுக்குப் போனால் அம்மாவும் அங்கே பார்ப்பாள். ரோட்டைக் கடந்து வருகிறவனைப் பார்ப்பாள். உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். முதல் தடவை இந்தப் படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர் அவர். அந்த விசில் பாட்டு தூங்க விடவில்லை என்றெல்லாம் உருகியவர்.

"இது ஒரு குப்பைப் படம்" என்றார், கசப்பு மருந்து குடித்த முகத்தோடு. "இருக்கறது ஒரே பாறை. அதையே சுத்திச் சுத்தி எடுத்து வேற வேற ஊர்னு காட்டறான். கோச்சு வண்டியில செத்துப்போற தாடிக்காரன் சாராயக் கடையில மறுபடியும் சாகறான், அதே சட்டையோட. வாய் ஒரு பக்கம் போகுது, குரல் ஒரு பக்கம் போகுது. வருஷக்கணக்கா பாலைவனத்துல அலைஞ்சவனுக்குப் பல்லு மட்டும் பளபளன்னு இருக்கு. ஒரு பல் டாக்டரா இதை என்னால மன்னிக்கவே முடியாது. கடைசிக் காட்சிக்குக் கையில காசு இல்ல, அதான் விளக்கை அணைச்சு ஏமாத்திட்டான். விசிலை எடுத்துட்டா இதுல ஒண்ணுமே இல்ல."

விசில் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

வெளிப்படிக்கட்டு மரத்தால் ஆனது. கீழ்ப்படி கிறீச்சிட்டது.

"டிரைவர் அண்ணே, அடுத்தது நீங்க" என்றேன் சத்தமாக. தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

டிரைவர் அண்ணன் முதல் தடவை, இந்தப் படத்தில் யோக்கியமாக நடித்தது குதிரை ஒன்றுதான் என்று சொன்னவர். இப்போது தலையைக் குனிந்துகொண்டு, "குதிரை சரியில்ல" என்றார். "எசமான் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கறான், உள்ள துப்பாக்கி இருக்கு. குதிரைக்கு மூக்குல வாசனை தெரியாதா? ஒரு கனைப்பு கனைக்கலாமில்ல? அது பாட்டுக்கு நின்னு புல்லு மேயுது. விசுவாசம் இல்லாத ஜென்மம்." சொல்லிவிட்டு, செத்துப்போன யாரையோ திட்டிவிட்டவர் மாதிரி கையைப் பிசைந்தார்.

படி மறுபடி கிறீச்சிட்டது, இந்தத் தடவை நடுப்படி. கதவு ஒருக்களித்திருந்தது. அதன் கீழே, தரையோடு தெரிகிற கோட்டு வெளிச்சத்தில் ஒரு நிழல் வந்து நின்றது. அவன் உள்ளே வரவில்லை. பேச்சுக் குரல் கேட்டு நின்றுவிட்டான். வாடா என்று கூப்பிடவும் முடியவில்லை, போடா என்று விரட்டவும் முடியவில்லை.

"அண்ணே, நீங்க" என்றாள் அம்மா.

மாமாவின் முறை. முன்பு திறக்க வேண்டும் என்று சொன்னவர் அவர். அப்படியென்றால் இப்போது அவர் என்ன சொல்லியாக வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா என்ன பேசுவாள் என்று மட்டும் கணக்குப் போட்டவள், இந்த மனுஷரை மறந்தே போயிருந்தேன்.

"சுடணும்" என்றார் மாமா.

நிழல் அசையவில்லை.

"அந்தக் கோச்சுக்காரனை... யாருமே கேக்கல. ஒரு தடவைதான் வரான். சக்கரத்துக்கு அடியில விழறான். அப்புறம் அவனைக் காணோம். இருக்கானா, செத்தானா... யாருக்கும் அக்கறை இல்ல. கேமரா குதிரைக்குப் பின்னாடியே ஓடிடுது."

கைக்குட்டையால் வாயோரம் துடைத்துக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம்.

"அவன் எங்கயாவது ஒரு கட்டில்ல உக்காந்திருப்பான். காலையில எழுந்து... செருப்பு எந்தக் காலுக்குன்னு யோசிப்பான். பழக்கதோஷத்துல ரெண்டையும் எடுப்பான். ஒண்ணைத் திரும்ப வெப்பான். தினமும். அது படத்துல வராது. இவன் ஊரெல்லாம் சுத்திட்டு வந்து... மூணு தட்டு தட்டினா போதுமா? தட்டினா எல்லாம் சரியாப் போயிடுமா? கிழவி சுடணும். பெத்தவளா இருந்தாலும் சுடணும்."

விதிக்காகத்தான் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், இதையெல்லாம் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்த பேச்சாக எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ விடியற்காலையில் யோசித்து, வேண்டாம் என்று ஒதுக்கி வைத்ததை எடுத்துச் சொல்கிறார் என்று பட்டது. எனக்கே அப்படி இருந்தால் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும்? விதியைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாங்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"கிழவி கதவைத் திறப்பா. வரவே கூடாதுன்னு நினைக்கிறவ விளக்கை ஏத்தி வெச்சுக்கிட்டு முழிச்சிருக்க மாட்டா. தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் படுத்துத் தூங்கியிருப்பா. அவன் ஊருக்குள்ள வந்துட்டான்னு காதுல விழுந்ததுலருந்து அவ கண்ணை மூடல. மடியில துப்பாக்கி இருக்கேன்னு டாக்டர் கேப்பாரு. இருக்கட்டும். அவனைத் துரத்திக்கிட்டு வர்றாங்களே, அவங்களுக்கு அது. அவனுக்கு இல்ல."

டாக்டர் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப விளக்கை ஏன் அணைக்கணும்?" அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள். "வெளிச்சத்துல அவன் முகத்தைப் பாத்தா அவன் செஞ்சதெல்லாம் சேர்ந்து தெரியும். அப்புறம் தாழ்ப்பாள்ல கை போகாது. இருட்டா இருந்தா செஞ்சது வெளியிலயே நின்னுடும், பிள்ளை மட்டும் உள்ள வருவான். சின்னப் பிள்ளையில எப்படி வருவானோ அப்படி, காலைக்கூடத் துடைக்காம." குரல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டாள். "அதுக்குத்தான் ஊதி அணைக்கிறா. அணைச்சுட்டு, சுவத்தைத் தடவிக்கிட்டே கதவுகிட்டப் போறா. படத்துல அதைக் காட்டல. ஆனா அவ போறா. திறக்கறா. அவ்வளவுதான் நான் சொல்றது."

என் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன்.

கதவு திறந்தது.

தம்பி வாசலில் நின்றான். இளைத்துப்போயிருந்தான், முன்நெற்றியில் முடி ஏறியிருந்தது. முகம் முழுக்கக் கண்ணீர். துடைக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"அம்மா" என்றான்.

அம்மாவின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போய்ச் சாவியை இறுக்கிப் பிடித்தது. அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திறந்து கிடந்த கர்ட்டனையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. கேஷியராக இருந்தவளாயிற்றே, எந்தத் தில்லுமுல்லையும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவாள்.

"நான் பேசினது விதிக்காகப் பேசினது" என்றாள். "என் அபிப்பிராயம் பழசுதான்."

"அம்மா!" என்று கத்தினேன். "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? இவ்வளவு நேரம் பேசினது யாரு, நீதானே? தொண்டை அடைச்சது யாருக்கு?"

"நீ வாயை மூடு. உன் சூழ்ச்சியை அப்புறம் கவனிச்சுக்கறேன்."

தம்பி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மௌனத்தைத் தாங்க முடியாத பிறவி டாக்டர், நெளிந்துகொண்டே, "அதாவது தம்பி, இங்க ஒரு முறை இருக்கு" என்று ஆரம்பித்தார். "ரெண்டாவது தடவை படம் பாக்கும்போது, அவங்கவங்க நினைக்கிறதுக்கு நேர் மாறாத்தான் பேசணும். இப்ப நான்கூடப் பாருங்க, குப்பைன்னு சொன்னேன். உண்மையில எனக்கு இந்தப் படம் உயிர்..."

"டாக்டர்!" என்றார் டிரைவர் அண்ணன்.

டாக்டர் நிறுத்திக்கொண்டார். ஆனால் தம்பிக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போனதை நான் பார்த்தேன். புறங்கையால் கண்ணைத் துடைத்தான். தோளிலிருந்து இறங்கியிருந்த பையை மேலே ஏற்றினான்.

"சரிக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். மாமா பக்கம் மட்டும் அவனால் கண்ணைத் திருப்பவே முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கமாகக் கைகூப்பிவிட்டுத் திரும்பினான்.

"எனக்கும்... பழசுதான்" என்றார் மாமா.

தம்பி படியில் வைத்த காலை நிறுத்தினான். அந்தப் பழசு என்ன என்று அந்த நொடியில் அவனுக்கு எப்படிப் புரியும்?

டிரைவர் அண்ணன்தான் மெல்லச் சொன்னார். "அவரு அப்ப... திறக்கணும்னு சொன்னவரு, தம்பி."

"அண்ணே, நீங்க இதுல பேசாதீங்க" என்றாள் அம்மா, மாமாவிடம். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. "நீங்க பேசக் கூடாது. உங்க கையைப் பாத்துக்கிட்டே நான் எப்படிண்ணே இவனுக்குக் கதவைத் திறப்பேன்? உங்களுக்காகத்தான் நான் சாத்தி வெச்சிருக்கேன்."

மாமா வார்த்தையைத் தேடினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. புரொஜெக்டரின் விசிறி மட்டும் சூட்டைத் தணிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்காகச் சாத்துனீங்க" என்றார். "நான்... சாத்தச் சொல்லலியேம்மா."

அம்மா சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கோபம் இல்லைன்னு சொல்லல. கொஞ்ச முந்தி சொன்னேனே... அதுவும் பொய்யில்ல. அதுவும் இருக்கு. ஆனா அதை வெச்சுக்கிட்டு... நான் எத்தனை நாள் உக்காந்திருக்கறது? நீங்க வேற வாராவாரம் வந்து... பட்டன் போடறீங்க. போடும்போதெல்லாம் உங்க கை நடுங்குது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு பக்கம் சாய்ந்த நடையில் வாசலுக்குப் போனார். ஏறியிருந்த சட்டைக் கையைத் தொடையில் தேய்த்துக் கீழே இறக்கினார். தம்பிக்கு முன்னால் வலது கையை நீட்டினார்.

"போட்டு விடு" என்றார்.

தம்பிக்கு விளங்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பை தோளிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. எடுக்கவில்லை. இரண்டு கையாலும் சட்டைக் கையின் விளிம்பைப் பிடித்தான். மூட்டை தூக்கப் போகிற கைக்கு அந்தச் சின்னப் பட்டன் அடங்கவில்லை. பட்டன் துளைக்கு நேராக வரும், வழுக்கிப் போகும். மறுபடி வரும், மறுபடி வழுக்கும். படிக்கட்டு மேலே தகரம் வேய்ந்த மறைப்பு, அங்கே பகலிலேயே வெளிச்சம் போதாது. அவன் கண்ணீர் மாமாவின் மணிக்கட்டில் விழுந்தது. மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் உதவிக்கு எழுந்தேன். டிரைவர் அண்ணன் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அம்மா எழுந்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்து வெட்டுமேஜையில் இடித்தது. அவள் கை இன்னும் சாவி மேலேயே இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசலில் நிற்கிற இரண்டு பேரையும், அந்தப் பட்டனையும், வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கத்துச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டாள். அறைக்குள் டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

"அங்க இருட்டா இருக்கு" என்றாள் அவனிடம். "உள்ள வந்து போடு."